எதிர்வீட்டுக்குப் போன வெயில்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையிலிருந்து சலவைக்கடை அக்காவின் வீட்டின்மேல் வெயில் விழுவது நின்றுபோனது. தெருவின் மற்ற வீடுகளுக்கு விடிந்ததுபோல அவள் வீட்டுக்கும் விடிந்தது. வெளிச்சம் வந்தது, வெயில் மட்டும் வரவில்லை. மதில் சுவரின் வெளி விளிம்போடு, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நேராக அது நின்றுகொண்டது. வாசலில் நின்று கடிதம் நீட்டிய தபால்காரருக்கு முதுகு சுட்டது, நீட்டிய கை மட்டும் சில்லிட்டது. அந்த வாரம் சலவைத்தூள் விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அக்காவுக்குக் கீழே கடை, மேலே குடித்தனம், அதற்கும் மேலே மொட்டைமாடியில் பதினோரு கொடிகள். ஊரோரத்துத் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அறுபது வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரும். மாலை நான்குக்குள் அவை துவைத்து, காய்ந்து, தேய்த்து, மடித்துத் திரும்பிப் போக வேண்டும். கணவர் இறந்த பிறகு அந்த அறுபது விரிப்புகள்தான் குடும்பத்தைத் தாங்கின. துவைக்கும் இயந்திரங்கள் இரண்டும் நீராவி இஸ்திரிப் பெட்டியும் மின்சாரத்தைத் தண்ணீராய்க் குடித்தன. மின்கட்டணம் வரும் நாளில் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். நேர் எதிர்வீட்டில் அவள் தம்பி இருந்தான். மின்பணி படிக்க அவனுக்கு மூன்று வருடம் பணம் கட்டியது அக்காவின் இஸ்திரிப் பெட்டிதான். அந்தத் தம்பி ஒரு சோலார் கம்பெனிக்கு முகவராகி, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முதல் வேலையாக அக்கா வீட்டுக்குத்தான் வந்தான்.

"ஏன்கா, தலைக்கு மேல ஓசியில கொட்டுது. நீ என்னடான்னா காசு குடுத்துக் கரண்டு வாங்கிட்டிருக்க" என்றான்.

அக்கா லேசில் தலையாட்டிவிடும் ஆள் அல்ல. இரண்டு மாதம் கணக்குப் போட்டாள், அதுவும் பணத்தில் அல்ல, விரிப்பில். ஒரு சோலார் பலகை ஒன்றரை விரிப்பின் இடத்தை அடைக்கும். பன்னிரண்டு பலகை போட்டால் பதினெட்டு விரிப்புக்குக் கொடி இல்லை. அந்தப் பதினெட்டையும் இயந்திரத்தில் காயவைத்தால், பலகை தருகிற மின்சாரத்தில் பாதியை இயந்திரமே தின்றுவிடும். மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; எதை எடுத்தாலும் முதலில் காலாவதித் தேதியைத் தேடுகிற கண் அவளுக்கு. பலகைக்கு ஆயுள் இருபத்தைந்து வருடம், போட்ட முதல் திரும்ப ஏழு வருடம், மழை மாதங்களைக் கழித்தால் எட்டு, தூசியைத் துடைக்காமல் விட்டால் ஒன்பது என்று அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் போடலாம், போடாமலும் இருக்கலாம் என்றுதான் வந்தது. தராசு அப்படியே அந்தரத்தில் நின்றபோது தம்பி, "நான் இருக்கேன்லக்கா" என்றான். தட்டு சாய்ந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கூடப் பிறந்தவர்கள் நீட்டும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அவர்களுடைய அப்பா இப்படித்தான் தன் அண்ணன் நீட்டிய பத்திரங்களில் ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போட்டார். அந்த அண்ணன் நல்லவராக இருந்ததால் பழக்கம் பிழைத்துவிட்டது. சட்டைக் காலரில் இருப்பது காப்பிக் கறையா மைக்கறையா என்று கண்ணாடி போடாமலே சொல்லிவிடுகிற அக்கா, பன்னிரண்டு பலகைகளும் மாடியேறிய அன்று தம்பி நீட்டிய நான்கு பக்க ஒப்பந்தத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறது என்று மகள் இழுத்தாள். "தம்பி குடுக்கிற காகிதத்தைப் படிச்சுட்டு அப்புறம் அவன் மொகத்துல எப்படிடி முழிக்கிறது?" என்று அக்கா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

வெயில் நின்ற அன்றைக்கே எதிர்வீட்டில் அது இரண்டு பங்காக விழத் தொடங்கியது. தம்பியின் வாசலில் நின்ற எல்லோருக்கும் இரண்டிரண்டு நிழல்கள். ஒன்று சூரியனுக்கு எதிரே வழக்கப்படி விழுந்தது. மற்றொன்று எந்த நேரமானாலும் அக்காவின் வீட்டைப் பார்த்தே நீண்டது. தம்பி மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலைப் பெருக்கினாள். அவர்கள் கூரைப் பலகைகளில் மின்சாரம் மிஞ்சி, வீட்டு மீட்டர் பின்பக்கமாக ஓடியது. அக்காவின் புகாரின் பேரில் மின்வாரியப் பொறியாளர் ஒருவர் வந்து கருவியை நீட்டி அளந்தார். 'பலகைகள் நல்ல நிலையில் உள்ளன. வெயில் இல்லை' என்று எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கம்பெனியில் விசாரித்தால், வெயில் ஒப்படைப்பு முறைப்படி நடந்திருக்கிறது, நிழல் சம்பந்தமான புகார்களுக்கு வேறு சன்னல் என்றார்கள். அந்தச் சன்னல் மூடியிருந்தது.

மகள்தான் கடைசியில் ஒப்பந்தத்தை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ப் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். பன்னிரண்டாவது பிரிவு: 'மேற்படி கூரையின்மீது விழும் வெயில் முழுவதும் இருபத்தைந்து வருடங்களுக்கு முகவரைச் சேரும்.' அக்கா அதை இரண்டாம் முறை படிக்கச் சொல்லவில்லை. ஈரக்கையோடு படியிறங்கித் தெருவைக் கடந்தாள். தம்பி தன் வாசலில் இரண்டு நிழலோடு நின்றிருந்தான்.

"இதை நீ படிச்சியாடா?"

"படிச்சேன்கா" என்றான்.

"எப்போ?"

"நீ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்: "உனக்கு என்னக்கா நஷ்டம்? வீடு குளுகுளுன்னு இருக்குமேன்னு நெனச்சேன்."

அச்சுப்பிழை என்றோ, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றோ, எனக்கும் தெரியாது என்றோ அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராகத்தான் தெருவைக் கடந்து வந்தாள். அந்த ஒரு பொய்யைச் சொல்லக்கூட அவன் மெனக்கெடவில்லை என்பதுதான் அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. திரும்பி நடந்தாள். சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த வெயில் அவள் வாசற்படியில் கால் வைத்ததும் விட்டது.

விரிப்புகள் காயவில்லை. நான்கு மணிக்குப் போக வேண்டியவை மறுநாள் மத்தியானம் போயின, அதுவும் ஈரவாடையோடு. மூன்றாவது வாரம் விடுதிக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். துவைக்கும் இயந்திரம் ஒன்று விலைக்குப் போனது. பதினோரு கொடிகளும் வெறுமனே ஆட, அக்கா எட்டு மாதம் மொட்டைமாடிப் பக்கமே போகவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் ஒன்றுக்கு மூன்றாக ஏசி பெட்டிகள் ஏறின. தன் வெயிலில் ஓடும் இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் காலை உணவு சாப்பிட்டாள். பெற்ற பிள்ளைபோல வளர்த்தேனே என்று ஒருநாள் மட்டும் மகளிடம் வாய்விட்டு அழுதாள். மறுநாளிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு சாயப்பட்டறைக்காரர், நிறம் வெளுக்காமல் காயவைக்க இடம் தேடிக்கொண்டு வந்தார். கருநீலமும் அடர்சிவப்பும் வெயில் பட்டால் செத்துப்போகும். நிழலில், காற்றில் காய வேண்டும். ஊரிலேயே நாள் முழுக்க ஒரு பொட்டு வெயில்கூடப் படாத மொட்டைமாடி அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. முதலில் ஒரு கொடி, பிறகு நான்கு, ஐந்தாம் வருடம் பதினொன்றும். சாயம் ஏற்றும் வேலையையும் அவரிடமே கற்றுக் கடையில் சேர்த்துக்கொண்டாள். பலகைகளைக் கழற்றவில்லை, அவற்றின் சட்டங்களுக்கு இடையே இன்னும் இரண்டு கொடி கட்டினாள். போட்ட முதல் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று மகளும் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

எதிர்வீட்டில் வெளுக்கத் தொடங்கியது. முதலில் திரைச்சீலை, பிறகு கதவின் பச்சை, பிறகு சுவரில் மாட்டியிருந்த புகைப்படங்கள். தம்பியின் சட்டைகள் எல்லாம் ஒரே நிறத்துக்கு, அதாவது நிறமே இல்லாத நிறத்துக்கு வந்தன. பதினோராம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் துணிமூட்டையோடு தெருவைக் கடந்து வந்து சலவைக்கடை வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது. அக்கா சீட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"சொல்லுங்க, எத்தனை உருப்படி?"

"அக்கா, நான்தான்கா."

"தெரியுதுங்க. எத்தனை உருப்படி?"

அவன் மூட்டையை அவிழ்த்து எண்ணினான். இரண்டு தடவை எண்ணிக்கை தவறியது. பதினான்கு என்றான். சாயம் ஏற்றி நிழலில் காயவைக்க வெள்ளிக்கிழமை ஆகும் என்று எழுதி, சீட்டைக் கிழித்து நீட்டி, அவள் அவனுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். அவன் நகர்ந்து வழி விட்டான்.

ஒப்பந்தத்தில் இன்னும் பதினான்கு வருடம் பாக்கி இருக்கிறது. வெயில் தினமும் அந்த வீட்டின் மதில்வரை வந்து, நின்று, எதிர்ப்பக்கம் போகிறது. தெருவில் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மத்தியான வேளையில் நடந்து வருகிறவர்கள் அந்த வாசல் வந்ததும் குடையைச் சற்று மடக்கிக்கொண்டு, தாண்டியதும் மறுபடி விரித்துக்கொள்கிறார்கள்.