பதினைந்து நிமிட அழுகை

பெல் அடித்தது. அரங்கில் செய்முறைப் பரீட்சைக்கு வந்திருந்த மற்ற பதினோரு டாக்டர்களும் அடுத்த திரைத் தடுப்புக்குப் பாய்ந்தார்கள். அவள் மட்டும் நகரவில்லை. எட்டு மாதக் குழந்தையின் வயிற்றில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

"நேரம் முடிஞ்சிடுச்சு டாக்டர்," என்றார் தேர்வாளர்.

"இவனுக்கும் முடிஞ்சிடக் கூடாது சார். ஸ்ட்ரெச்சர் வேணும். உடனே."

தேர்வாளரின் பேனா அந்தரத்தில் நின்றது. அவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் சைபர். மனிதர் தாராளமாக வழங்கும் ஒரே மதிப்பெண் அதுதான்.

"தடுப்பை விட்டு வெளியே போனா மொத்தப் பரீட்சையும் போச்சு. விதி தெரியும்ல? உங்களுக்கு இது எத்தனாவது தடவை?"

"மூணாவது. கடைசி."

தெரிந்துதான் சொன்னாள். இதிலும் கோட்டைவிட்டால் குழந்தை மருத்துவர் என்ற பட்டம் இந்த ஜென்மத்தில் கிடையாது. ஆறு மாதமாக வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று கேள்விகளை வாசிக்க, அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறாள். தட்டம்மைத் தடிப்பு எங்கே ஆரம்பிக்கும்? காதுக்குப் பின்னால். குரல்வளை வீங்கினால் இருமல்? நாய் குரைக்கிற மாதிரி. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளி? பேசிக்கொண்டு நிற்காமல் ஆன்டிபயாட்டிக் ஊசி. "உப்பு ஏன் கம்மின்னு கேட்டாக்கூட மூணு காரணம் சொல்ற தாயே, என்னை விட்டுடு" என்று அவர் கும்பிடு போட்டதும் உண்டு.

ஆனால் இன்று துப்புக் கொடுத்தது அந்தப் படிப்பெல்லாம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த எட்டு நிமிடம்.

பெரிய அரங்கில் துணித்திரை போட்டுப் பன்னிரண்டு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை, எட்டு நிமிடம், பெல், அடுத்தது. ஒன்பதாவது மட்டும் ஓய்வுத் தடுப்பு. ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். எல்லாரும் அங்கே உட்கார்ந்து, சொல்லித் தொலைத்த பதில்களை நினைத்து நகம் கடிப்பார்கள். அவளும் கடிக்கத்தான் உட்கார்ந்தாள்.

அடுத்த திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

இந்தக் குரலை ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே! பரீட்சை ஹாலில் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்க்கிற புத்தி உதவியது. முதல் தடவை பத்து பதிமூன்று. அடுத்தது பத்து இருபத்தெட்டு. இப்போது பத்து நாற்பத்து மூன்று. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடக் கதறல். பிறகு குழாயை மூடியது போலச் சட்டென்று நிசப்தம்.

பசி அழுகைக்கு இவ்வளவு நேரம் தவறாமை கிடையாது.

பத்தாவது தடுப்புக்குள் நுழைந்தபோது குழந்தை தாயின் தோளில் துவண்டு கிடந்தான். உதடு வெளுத்திருந்தது. தாய் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பாட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தாள். அட்டையில் இரண்டே வரி: நேற்று வயிற்றுப்போக்கு, காலையிலிருந்து வாந்தி. பரிசோதித்துச் சிகிச்சை கூறவும்.

"பாப்பாவுக்கு இப்போ எதுவும் குடுக்காதீங்கம்மா. சரியா பத்து அம்பத்தெட்டுக்கு அழுவான் பாருங்க."

"என்னங்க இது, ஜோசியமா?" தாய் சிரிக்க முயன்றாள்.

பத்து ஐம்பத்தேழு. அவள் கையைச் சூடாக்கிக்கொண்டு குழந்தையின் வயிற்றில் வைத்தாள்.

பத்து ஐம்பத்தெட்டு. முழங்கால்கள் இரண்டும் வயிற்றுக்கு மடங்கின. குழந்தை அலறினான். தாய் உறைந்துபோனாள். வலது விலாவுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு உருண்டு திரண்ட ஒரு கட்டி கைக்குள் இறுகியது.

அப்போதுதான் பெல்.

"குடல் குடலுக்குள்ள மடங்கி ஏறியிருக்கு சார்," என்றாள் இப்போது. "சட்டைக் கையை உள்ளே இழுத்துவிட்ட மாதிரி. அழும்போது பாத்தவங்க துவண்டு கிடந்ததைப் பாக்கல. துவண்டப்போ பாத்தவங்க அழுகையைக் கேக்கல. எட்டு எட்டு நிமிஷமா இவனைத் துண்டு போட்டுட்டோம்."

சைபர் கையில் இருந்த விடைக்குறிப்பைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிவிட்டிருந்தது.

ஸ்ட்ரெச்சருக்கு அவள் காத்திருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரையைக் கிழிக்காத குறையாக ஓடினாள். பெல் அடிக்கும் குமாஸ்தா, "மேடம், அந்தப் பக்கம் பதினொண்ணு!" என்று கத்தியது காதில் விழவே இல்லை. பின்னால் தாய். அதற்கும் பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடி வரும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். சைபர்!

கையில் ஊசி குத்தி டிரிப்ஸ். ஸ்கேன் திரையில் வளையத்துக்குள் வளையம். சர்ஜன் தயாராக நிற்க, ஆசனவாய் வழியாக அளந்து அளந்து காற்றைச் செலுத்தினார்கள். திரையில் மடிப்பு பின்வாங்கியது, நின்றது, மறுபடி பின்வாங்கியது. கடைசியில் காற்று சிறுகுடலுக்குள் குபீரென்று பாய, அறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

"கத்தி வேண்டாம்," என்றார் சர்ஜன். "சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா குடலே அழுகியிருக்கும்."

தாய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

விட்டுப்போன இரண்டு தடுப்புகளையும் மதியம் தனியாக நடத்தினார்கள். ஆனால் செல்லுமா செல்லாதா என்பதைத் தேர்வுக் குழுதான் சொல்லும் என்றார்கள். மூடிய கதவுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நடந்தாள். வீட்டுக்காரர் ஆறு தடவை போன் செய்துவிட்டார். ஏழாவது தடவை மணி அடித்தபோது கதவு திறந்தது. சைபர்.

"பாஸ்," என்றார். "பத்தாவது தடுப்பை மத்தவங்க கணக்குலேர்ந்து எடுத்தாச்சு. உங்களுக்கு மட்டும் இருபதுக்கு இருபது."

சைபருக்கு முன்னால் ஒரு இரண்டு! அவள் போனைக் காதில் வைத்து, "என்னங்க, ஜெயிச்சிட்டேங்க!" என்று கத்தினாள். மறுமுனையில் பாத்திரம் விழும் சத்தமும் ஒரு கூக்குரலும் கேட்டன.

மூச்சு சீரானதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"இத்தனை நேரம் உள்ளே என்ன சார் வாக்குவாதம்?"

"அச்சடிச்ச விடைக்குறிப்புல வெறும் வயித்துப்போக்குன்னு இருந்துச்சு. அதுப்படி பாத்தா உங்களுக்கு சைபர். அந்த விடை தப்புன்னு குழுவுக்கு எழுத்துல குடுக்கணும். குடுத்தேன்."

"அந்தக் குழந்தையைக் காலையில பாத்துட்டு அப்படி எழுதின டாக்டர் யாரு சார்? அவரைச் சும்மா விடக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"பாக்கவே இல்லம்மா. காலையில ஃபைலை மட்டும் புரட்டிட்டு, குழந்தையைத் தொடாமலே எழுதிட்டார்," என்றவர் குரல் தாழ்ந்தது. "நான்தான்."