பொம்மையின் கையைக் குலுக்கிப் பாருங்கள்

1

இந்தக் கதை என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. திருப்பூரில் டீஷர்ட் எடுக்கப் போனவன், கடை வாசலில் நின்ற பொம்மையின் கையை விளையாட்டாகக் குலுக்கினேன். வெள்ளைப் பெயின்ட் செதிலாக உரிந்து என் கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் முறைத்தார். எனக்கோ ஒரே குஷி! ஏன் உரிந்தது என்று விசாரித்தால், பொம்மை செய்கிற எபாக்ஸி என்ற பிசினில் பெயின்ட் லேசில் ஒட்டாதாம். நடுவில் பிரைமர் என்று ஒரு பூச்சு ஒழுங்காகப் பிடித்தால்தான் மேலே அடிக்கிற பெயின்ட் நிற்குமாம். எனக்கு அது போதும்.

2

முதல் வரி: ‘வீரபாண்டியில் அந்த ஷெட்டின் தகரக் கூரை மேல் வெயில்—’

வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன். கிருத்திகாவிடமிருந்து தொடங்குகிறேன்.

பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலையை உதறிவிட்டு, திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் ஷெட் பிடித்து, துணிக்கடை பொம்மைகளை எபாக்ஸியில் வார்க்கிறாள் கிருத்திகா. முதல் பொம்மைக்கு உடம்பு அளவு கொடுத்தவள் அவளுடைய அண்ணி சாரதாமணி. அதனால் பொம்மைக்கு நம் ஊர்ப் பெண்ணின் இடுப்பு, நம் ஊர்ப் பெண்ணின் வயிறு. ஏற்றுமதிக்காரர் தீனதயாளன் போனில் சொல்லிவிட்டார்:

“நாளைக்குக் காலைல வந்து பாக்கறனுங்க. நல்லா இருந்தா கண்காட்சி ஸ்டால் பூரா உங்க பொம்மைதான். இல்லீன்னா டெல்லில இருந்து எறக்கிக்குவேன், தப்பா நெனைக்காதீங்க அம்மிணி.”

3

பிரைமர் அடித்தாள். கொஞ்ச நேரத்தில் பொம்மை மேல் வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. சுரண்டிவிட்டு வேறு பிரைமர் வாங்கி வந்து அடித்தாள். அதே குழி. பிரைமர்தான் மாறியது, குழி மாறவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

[இந்த இடத்தில் சாரதாமணியை வில்லியாக்கினேன். நாத்தனார் முன்னேறுவது பொறுக்காமல் பிரைமரில் எதையோ கலக்கிறாள் என்று ஒரு பக்கம். எழுதும்போதே உறுத்தியது. தன் வயிற்றை ஊருக்கே காட்டச் சம்மதித்தவள் அப்படிச் செய்வாளா? பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மன்னித்துக்கொள் தாயே.]

4

“என்ன கண்ணு, எனக்கு அம்மை வார்த்து நிறுத்தி வெச்சிருக்கற?” என்றபடி வந்தாள் சாரதாமணி.

“சிரிக்காதீங்க அண்ணி. மோல்டுல தடவுன மெழுகு போகச் சோப்புத் தண்ணில கழுவிட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டேன். தூசியெல்லாம் தொடச்சிட்டுத்தானுங்க அடிச்சேன்.”

“அப்பறம் இந்த எடதுகால் மட்டும் எப்படி நல்லா இருக்குது?”

கிருத்திகா குனிந்து பார்த்தாள். இடதுகாலில் ஒரு குழிகூட இல்லை. இந்த முறை துணி தீர்ந்துபோய், அந்தக் காலை மட்டும் டிஷ்யூ பேப்பரால் துடைத்திருந்தாள். மற்ற இடமெல்லாம் பழைய கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் கட்டிங் வேஸ்ட் துணி.

குப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தாள்.

“அண்ணி! இது நான் பாத்த ஆர்டர்ங்க! கொழந்தைக போடற துணி, வழவழன்னு இருக்கோணும்னு சிலிக்கான் சாஃப்ட்னர் போடச் சொன்னதே நானுங்க!”

துணியின் சிலிக்கான் பொம்மைமேல் ஏறி, பிரைமரை ஒட்டவிடாமல் விலக்கியிருக்கிறது. கிருத்திகா கத்திய கத்தலில் பக்கத்து ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இங்கே நானும் மேசையைத் தட்டினேன்.

5

இனி எதைக்கொண்டு துடைப்பது? ஊர் முழுக்கத் துணி, துடைக்க ஒரு முழம் இல்லை. நிட்டிங் மெஷினிலிருந்து நேராக வருகிற துணியில் மெஷின் எண்ணெய். ஃபினிஷிங் முடிந்து வருகிற துணியில் சிலிக்கான்.

சாரதாமணி ஓடிப்போய், கொடியில் கிடந்த புருஷனின் பழைய வேட்டியை உருவி வந்து டர்ரென்று கிழித்தாள்.*

“உங்கண்ணன் கேட்டா நான் பாத்துக்கறேன். நீ தொடை கண்ணு.”

குழி விழுந்த பிரைமரைச் சுரண்டி, தின்னரில் துடைத்து, தேய்த்து, மறுபடி துடைத்து, பிரைமர் அடித்தாள். சாம்பல் நிறம் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே சீராகப் படிந்தது. குழி இல்லை. ஒன்றுகூட இல்லை!

(* அண்ணன் கேட்கத்தான் செய்தார். அவர்மேல் எனக்குப் பரிதாபம் உண்டு, கதையில் பக்கம்தான் இல்லை.)

6

கடைசியாக இரண்டு டப்பா பெயின்ட். ஒன்று தீனதயாளன் கேட்ட பளபள வெள்ளை. துணி வழுக்கி ஏறும், தூசியைத் துடைத்துவிடலாம். ஆனால் சின்ன மேடு பள்ளத்தையும் காட்டிக் கொடுத்துவிடும். இன்னொன்று, சாரதாமணியின் கையைப் பக்கத்தில் வைத்துக் கலந்த மாநிறம், பளபளப்பில்லாத மேட். மேடு பள்ளத்தை மறைக்கும், நகம் பட்டால் கீறல் விழும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததை அடித்து ஸ்டால் கைவிட்டுப் போனால்—

“நீங்க சொல்லுங்க அண்ணி.”

“வெள்ளையடிச்சா அது நானில்ல கண்ணு. அதுக்காக ஸ்டால் போச்சுன்னா என்னையச் சொல்லக்கூடாது.”

தீனதயாளன் அசந்து நிற்பதாக ஒரு முடிவு எழுதினேன். முகம் சுளித்துக் காரில் ஏறுவதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். கிருத்திகா ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்துவிட்டாள். இனி என் பேச்சை அவள் கேட்க மாட்டாள்.

அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, நம் ஊர் இடுப்போடு ஒரு பொம்மை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கையைக் குலுக்குங்கள். பெயின்ட் உங்கள் கையோடு வராது, அதற்கு நான் பொறுப்பு. என்ன நிறம் என்று எனக்கு வந்து சொல்லுங்கள். எங்கே தேடியும் அப்படியொரு பொம்மை இல்லையென்றால், அதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.