குரல் வராவிட்டால் வண்டியை எடுக்கலாம்

என் தங்கை புருஷனுக்கு வாய் ஓயாது. மரம் வெட்டி அகற்றும் வேலையில் நான் எந்திர வண்டி ஓட்டுகிறேன். அவன் கீழே நின்று வழி காட்டுவான். இரைச்சல் தாங்க எல்லோருக்கும் மைக் வைத்த காதுமூடி உண்டு. அதை எதற்குக் கொடுத்தார்கள், அவன் எதற்குப் பயன்படுத்தினான்! அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், பொண்ணு வீட்டுக்காரங்க உங்க வண்டியப் பாத்தா சரின்னுடுவாங்க. உங்களப் பாத்தாத்தான் யோசிப்பாங்க."

குழுவில் இருந்த மற்ற இருவரும் என் காதுக்குள்ளேயே சிரித்தார்கள். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காதுமூடியை அணைத்துவிட்டேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். வண்டி பின்னால் வரும்போது ஆபத்து இருந்தால்தான் குரல் வரும், வராவிட்டால் எடுக்கலாம். அரட்டையைக் குறைக்க நான் கொண்டுவந்த வழக்கம் அது. அரை மணி கழித்துப் பின்னால் எடுத்தேன். காதில் சத்தமே இல்லை. என் காதை நானே அடைத்தது மறந்துபோயிருந்தது.

வெட்டிய கிளைகளுக்குள் அவன் பூட்ஸ் மாட்டியிருக்கிறது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினானாம். மற்றவர்கள் என் கண்ணெதிரே ஓடிவந்து கையாட்டுவதற்குள் வண்டி ஏறிவிட்டது.

அவன் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் வாய் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

"அவரு காதுமூடில சார்ஜ் இல்ல சார். என்கிட்ட சொன்னாரு. நான்தான் கவனிக்காம பின்னால போயிட்டேன்."

அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

"ஏன்டா பொய் சொன்ன?"

"வீட்டுல ஒருத்தராவது வேலைக்குப் போகணும்ல."

"நான் அணைச்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க எப்பக் கோவிச்சுக்கிட்டாலும் பத்து நிமிஷத்துல திரும்பப் போட்டுருவீங்களே மச்சான். அந்த நம்பிக்கையிலதான் பின்னால போனேன்."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். அது தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

தங்கை மருந்தோடு உள்ளே வந்தாள். அதிகாரி வாசலில் அவளிடம் பேசியிருக்க வேண்டும்.

"அண்ணன் சொல்லியும் பின்னால போனீங்களாமே! உங்களுக்கு அறிவு வேணாம்?" என்று புருஷனிடம் அழுதாள். பிறகு என்னிடம், "அண்ணா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

"நான்தாம்மா அணைச்சேன். கோவத்துல."

"அவரு சும்மா சொல்றாரு" என்றான் அவன்.

அவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் தலையணையைச் சரிசெய்தாள். பிறகு, கட்டிலோரம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நான் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தாள்.