அனோஜினி சொல்லாமல் விட்ட வசனம்

1

இந்தக் கதையை நானே யோசித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இது நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தில், ஜான்-டலோன் சந்தையில், இரண்டு கிலோ தக்காளியோடு எனக்குக் கிடைத்தது. தந்தவர் எமிலியானுஸ். அங்கே மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார். எங்கள் கட்டடத்தில் மேல்வீட்டுக்காரர். உயர்பள்ளியின் கடைசி வருடத்துக்கு அவருடைய மகள் அனோஜினி பாடங்கள் தெரிவுசெய்ததுதான் கதை.

ஒரு படிவத்தில் மூன்று பெட்டிகளுக்குள் சரி போடுவதில் என்ன கதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் தக்காளி பொறுக்கிக்கொண்டே அதைத்தான் கேட்டேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

“எமிலியானுஸ் மேசையில் ஓங்கி அடித்தார. ‘நீ டொக்டர்தான்!’ என்று அவர் உறுமியபோது அனோஜினியின் கண்களில் —”

வேண்டாம். அவர் மேசையில் அடித்து நான் கண்டதில்லை. (எழுத்துப் பிழையைத் திருத்தவில்லை. அடித்த வேகத்தில் புள்ளி தெறித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

நடந்தது இதற்கு நேர்மாறு. கடினமான பாடங்களைக் கேட்டவள் அனோஜினிதான். பள்ளியில் ஒருநாள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலுள்ள பல்கலைக்கழக விவசாய வளாகத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அங்கே ஓர் அறை முழுக்க வண்டுகளை வரிசை வரிசையாக ஊசியில் குத்தி வைத்திருந்தார்களாம். திரும்பி வந்தவளுக்கு வண்டுகளைத் தவிர வேறு பேச்சே இல்லை. அங்கே போய் வண்டுகளைப் பற்றிப் படிக்க, முதலில் இரண்டு வருடம் சீஜெப் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கவேண்டும். அதற்கு இப்போதே உயர்கணிதம், இரசாயனம், பௌதிகம் மூன்றையும் எடுக்கவேண்டும். அவளுடைய கணக்குப் புள்ளியோ அறுபத்தெட்டு.

“இலேசான கணக்கை எடன் பிள்ளை. சிரிச்சுக்கொண்டு பாஸ் பண்ணலாம்” என்றாள் தாய் இமெல்டா.

(இலேசான கணக்கை எடுக்கச் சொல்லும் தமிழ்த் தாயா என்று வாசகர்கள் என்மேல் பாய்வார்கள். இருக்கிறாள் ஐயா. மேல்வீட்டில்தான் இருக்கிறாள். வந்து பாருங்கள்.)

3

புள்ளி குறைவாக இருந்ததால் பெற்றோரில் ஒருவர் வந்து கையெழுத்திட வேண்டும் என்று பாட ஆலோசகர் அழைத்தார். மார்ச் மாதம் எமிலியானுஸ் மகளோடு போனார். சந்தைப் பிரெஞ்சைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக அவருக்குக் கூச்சம். எப்போதும் மகள்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஆலோசகர் மூன்று விஷயங்கள் சொன்னார். பிள்ளை நன்றாக உழைக்கிறாள். ஆனால் இந்தக் கணிதத்துக்கு அவளுடைய புள்ளி போதாது. டிசம்பரில் நத்தார் வருவதற்குள் சமாளிக்க முடியாமல் போனால், ஒரு வருடமே வீணாகலாம்.

அனோஜினி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

“நான் நல்லா உழைக்கிறனாம் அப்பா. கணக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருக்குமாம்.”

“வேறை?”

“வேறை ஒண்டுமில்லை.”

எமிலியானுஸ் கையெழுத்து வைத்தார்.

4

“அண்ணை, பதினெட்டு வருசமா இந்தச் சந்தையிலை நிக்கிறன்” என்றார் என்னிடம், தக்காளியை நிறுத்தபடி. “பிரெஞ்சிலை பேரம் பேசுற எனக்கு, ஒரு வருசம் வீணாப் போகும் எண்டு சொன்னால் விளங்காதே?”

“அப்ப ஏன் காணும் கையெழுத்து வைச்சனீர்?”

அவர் பையின் வாயைக் கட்டினார்.

“அவள் எனக்கு இதுக்கு முதல் பொய் சொன்னதில்லை. சொல்லுற அளவுக்கு அது அவளுக்கு வேணும் போல கிடக்கு.”

இந்த இடத்தில் அவருடைய கண்களைக் கலங்கவைக்க நான் மூன்று தரம் முயன்றேன். “அவரது குரல் தழுதழுத்து —” இல்லை. அவர் அடுத்த ஆளுக்கு “போன்ஜூர், மதாம்” சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குத் தெரியவேண்டாம் அண்ணை. வெக்கப்படுவாள்.”

“நான் எழுதுற ஆள். என்னட்டைப் போய்ச் சொல்லிப்போட்டீரே!”

“எழுதுங்கோ. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது.”

5

இப்போது நவம்பர். பள்ளியின் முதல் றிப்போட் வந்துவிட்டது: இரசாயனம் எழுபத்துநாலு, பௌதிகம் எழுபது, கணக்கு அறுபத்துமூன்று. அறுபது எடுத்தால் பாஸ். விழவில்லை, ஆனால் நத்தாருக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.

முடிவுகள் இரண்டு தயாராக வைத்திருந்தேன். (அ) அனோஜினி புதிய வண்டொன்றைக் கண்டுபிடித்து அதற்குத் தகப்பனின் பெயர் வைக்கிறாள். (ஆ) கணக்கில் விழுகிறாள். தகப்பனும் மகளும் பனியில் பேசாமல் வீட்டுக்கு நடக்கிறார்கள். முதலாவது எனக்கே சிரிப்பாக இருந்தது. இரண்டாவதை எழுதக் கை வரவில்லை.

இன்று பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. அனோஜினி.

“அங்கிள், என்னைப் பற்றிக் கதை எழுதுறீங்களாம். அம்மா சொன்னவ. எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.”

குளிரங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். வாசித்தேன். மேசையில் அடிக்கும் தகப்பனுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். “அறுபத்தெட்டில்லை, அறுபத்தொன்பது!” என்று ஒரு புள்ளிக்குச் சண்டை பிடித்தாள். மூன்றாம் பகுதி வந்ததும் சிரிப்பு நின்றது. “வேறை ஒண்டுமில்லை” என்ற இடத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்னது?” என்றாள் பிறகு. “அந்த அறையிலை நாங்கள் மூண்டு பேர்தானே.”

தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பி வந்து, அடுப்படியில் நின்று இதை எழுதுகிறேன். கேத்தல் கொதிக்கத் தொடங்கிவிட்டது. முதுகுக்குப் பின்னால் அவள், “அடுத்த பக்கத்தை வாசியுங்கோ அங்கிள்” என்கிறாள்.

அடுத்த பக்கம் நான்காம் பகுதி. நீங்கள் அதை வாசித்துவிட்டீர்கள். கெதியாகச் சொல்லுங்கள்: வாசிக்கவா, நேரே றிப்போட்டுக்குத் தாண்டவா?