ஒரே வாசலில் இரண்டு சம்பளம்

லிஃப்ட் கம்பெனியில் தம்பிக்கு வேலை நிரந்தரமான அன்றே வில்லங்கம் ஆரம்பித்தது. கம்பெனி கொடுத்த புதுத் தொப்பியோடு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "அக்கா, உன் பணத்தை எங்க கம்பெனி ஷேர்ல போட்டுடு. கண்ணை மூடிக்கிட்டுப் போடு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்கிறவள் அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அளந்த லென்ஸையே திரும்பத் திரும்ப அளந்து முதலாளியிடம் திட்டு வாங்குபவள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் முதலீடு பற்றிச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். தனியாக ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினால் அதன் ஏற்றமும் இறக்கமும் முழுசாக நம் தலையில். இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் சந்தையின் பெரிய கம்பெனிகள் அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சம்; சந்தையே சரிந்தால் அதுவும் சரியும், ஆனால் ஒரு கம்பெனி கவிழ்ந்ததற்காக நாமும் கவிழ்ந்துவிட மாட்டோம். இது புரிந்த நாளில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாளே, சரியாகத்தான் புரிந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"நான் ஃபண்டுல போடலாம்னு இருக்கேன்டா," என்றாள்.

"அதாவது, முன்னப்பின்ன தெரியாத கம்பெனியில எல்லாம் போடுவே. தம்பி வேலை பார்க்கிற கம்பெனின்னா மட்டும் கசக்குது."

"அப்படி இல்லடா..."

"ஏற்கனவே ரெண்டு வேலை கை நழுவிப் போச்சு, இது மட்டும் எத்தனை நாளைக்குன்னு நினைக்கிறே. சொல்லு, பரவாயில்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அக்காவுக்குச் சுருக்கென்றது. அவன் கம்பெனிப் பங்கையே வாங்கித் தொலைத்தால் அவன் முகம் மலர்ந்துவிடும். இரண்டு நாள் அந்த யோசனையிலேயே உழன்றாள்.

மூன்றாம் நாள் மாலை, காய்ந்த போர்வையை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தாள்.

"ஒரு லிஃப்டை ஒரே கயித்துலயா தொங்க விடுறீங்க? நாலஞ்சு கயிறு போடுறீங்கல்ல? ஃபண்டும் அந்த மாதிரிதான்."

"டீச்சரம்மா, அந்த நாலஞ்சு கயிறும் ஒரே கம்பெனியில வாங்கினதுதான்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையை உடைத்துக்கொண்டு யோசித்த உதாரணம், ஒரே போடில் காலி. இனி நேராகச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

"உன் சம்பளம் அங்கேருந்து வருது. என் பணமும் அங்கேயே இருந்தா, ஒண்ணு போற அன்னைக்கு ரெண்டும் போயிடும்டா. நீ எங்கேயும் நிலைச்சிருக்க மாட்டேன்னு நான் நினைக்கல. உனக்கு ஒரு கஷ்டம்னா என் கையில ஏதாவது இருக்கணும்ல?"

"அதெல்லாம் கதையில நடக்கும்."

"நம்ம வீட்டுலயே நடந்துச்சு."

இதைத்தான் அவள் இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள். தம்பிக்கு நாலு வயதாக இருந்த அந்த மழைக்காலம், அவனைப் பொறுத்தவரை பெரிய விடுமுறை. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்தார். அட்டையில் கப்பல் செய்து கொடுத்தார். முதுகில் ஏற்றிக்கொண்டு அறை அறையாகச் சுற்றினார். யார் கிடைத்தாலும் இந்தக் கதையைச் சொல்வான். அதைக் கலைக்க அவளுக்கு மனசு வந்ததில்லை.

"அது லீவு இல்லடா. அப்பாவும் அம்மாவும் ஒரே அட்டைப்பெட்டி ஃபேக்டரியில வேலை பார்த்தாங்க. சேர்த்ததையும் அதோட ஷேர்லதான் போட்டிருந்தாங்க. ஃபேக்டரியை மூடின அன்னைக்கு எல்லாமே ஒண்ணா போச்சு."

போர்வை இருவருக்கும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

"அப்போ அப்பா சிரிச்சதெல்லாம்?"

"உன்கூட இருந்தப்போ நிஜமாவே சிரிச்சார். நான் பார்த்திருக்கேன்."

"உன்னை அதுல எங்கேயும் ஞாபகமே இல்லையே. நீ எங்க இருந்தே?"

"பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கப் போனேன். நான் வர்றதுக்குள்ள நீ தூங்கிடுவே."

அவன் தன் முனையை அவள் கையில் கொண்டுவந்து சேர்த்தான். போர்வையை அலமாரியில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போனை எடு. அந்த ஃபண்டைக் காட்டு. எங்க கம்பெனியும் அதுல இருக்கா?"

"இருக்கு. லிஸ்ட்டோட வால்ல."

"வாலா இருந்தா என்ன, மெல்ல மேல ஏறிடுவோம். ஏத்துறதுதானே எங்க தொழிலே." சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. "எதை அமுக்கணும்?"

காட்டினாள். அவள் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்று சொல்வதற்குள் அமுக்கிவிட்டான். பணம் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. அதை அவன் பார்க்கவில்லை; அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்த வீட்டுல உனக்குச் சாப்பாடு போட்டாங்களா?"