கார்டு இல்லாமல் எழுந்தவர்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைத்துக்கொண்டு எழுதினாலும் இரண்டாவது பத்தியில் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரை அடுத்த ஒரு ஷூ கம்பெனி (பெயர் வேண்டாம்) தன் ஆண்டு மலருக்குத் தலைமைப் பண்பு பற்றி என்னிடம் ஒரு கதை கேட்டது. மேனேஜர் பிரேம்நாத் போனில் பேசினார். "நம்ம லைன் லீடர் ஜாஸ்மினை வெச்சு எழுதுங்க சார். இன்ஸ்பிரேஷனா இருக்கணும். ஒரு பக்கம் போதும்." ஜாஸ்மின் ஒடுகத்தூரில் எங்களுக்கு அடுத்த தெரு. சரி என்றேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி போன். "ஜாஸ்மின் வேணாம் சார், வேற ஆளைத் தர்றேன். அவங்க இப்ப லீடர் இல்ல."

நீங்கள் படிப்பது அந்த இரண்டாவது போனுக்குப் பிறகு, ஜாஸ்மினை நேரில் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதியது.

2

முதல் தொடக்கம்: மலையடிவாரத்திலிருந்து கம்பெனி பஸ் புறப்பட்டபோது ஜாஸ்மினின் கண்களில் ஒரு

(ஒரு என்ன? தூக்கம்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: தலைவர்கள் பிறப்பதில்லை, அவர்கள்

(சீ.)

மூன்றாவது: ஜாஸ்மினின் கழுத்தில் இரண்டு நாடாக்கள் தொங்கின. ஒன்றில் அவள் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. இன்னொன்றில் கார்டு.

இது இருக்கட்டும். கார்டு என்றால் வெறும் பிளாஸ்டிக் அட்டை. ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஒரு லைனில் நாற்பது பெண்கள். அந்த நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு. அதை மாட்டிக்கொண்டால்தான் கழிவறைக்குப் போக முடியும். போனவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள். கார்டைக் கொடுப்பதும் மறுப்பதும் லைன் லீடரின் வேலை. டார்கெட் குறைந்தால் திட்டு வாங்குவதும் அவள்தான். அதனால் ஜாஸ்மின் மறுத்திருக்கிறாள், பலமுறை. அம்பரீன் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் கை தூக்கும்போதுகூட, "லஞ்ச் ஆவட்டும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். தன்னைத் தெய்வமாக்கி எழுதிவிட வேண்டாம் என்று அவளே என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

(ஓர் அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் போட்டால் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள் என்று இங்கேயே வைக்கிறேன்: அந்தப் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. இதை எழுதும் என் மேஜையில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கிறது. எழுந்து போக நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு வயிறு எரிகிறது.)

3

இங்கே தைக்கிற ஷூவை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வருடத்துக்கு ஒருமுறை ஆட்களை அனுப்பி ஆடிட் செய்வார்கள். அதற்கு முன்னால் ஒத்திகை நடக்கும். என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று லைன் லீடர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"டாய்லெட் போவ யார் கிட்டயாவது கேக்கணுமா?" என்று ஜாஸ்மின் கேட்டாள்.

"வேணாம்!"

"எப்ப போலாம்?"

"எப்ப வேணா போலாம்!"

"சொல்றதுக்கே நல்லாருக்குது" என்றாள் எல்லம்மா. லைனில் மூத்தவள் அவள். எல்லோரும் சிரித்தார்கள், ஜாஸ்மினும்.

ஆடிட் அன்று காலை பிரேம்நாத் வந்து, "கார்டை உள்ள வெச்சுக்கோம்மா, யார் கண்ணுலயும் படக் கூடாது" என்றார். ஜாஸ்மின் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மொழிபெயர்ப்பாளரோடு வந்து அதே கேள்வியைக் கேட்டாள். நாற்பது பேரும் ஒரே குரலில், எப்ப வேணா போலாம் என்றார்கள்.

ஒருத்தி எழுந்தாள். கழிவறைப் பக்கம் நடந்தாள்.

இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஹெலன், எல்லம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்பரீன். ஐந்தே நிமிடத்தில் லைன் காலி. ஆளில்லாமல் கன்வேயர் ஓடியது, தைக்காத தோல் துண்டுகள் கடைசியில் போய்க் குவிந்தன. அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ரொம்ப சந்தோஷம். அவள் சிரித்ததால் பிரேம்நாத்தும் சிரிக்க வேண்டியதாயிற்று.

4

அடுத்த நாள் காலை அவர் சிரிக்கவில்லை.

"முதல்ல எழுந்தது யாரு?"

"தெரியல சார்."

"நீதானே லீடர்? உன் லைன்ல நடக்கறது உனக்குத் தெரியாதா?"

"சொல்லிக் குடுத்ததைத்தானே சார் செஞ்சாங்க."

"எவளோ ஒருத்தி கிளப்பி விட்டிருக்கா. அவளை வீட்டுக்கு அனுப்பணும். பேரைச் சொன்னா நீ லீடராவே இரு. இல்லன்னா பழையபடி மெஷின்தான். சாயந்திரம் வந்து சொல்லு."

(கேமரா இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆடிட்டரை வரவேற்கக் கட்டிய பேனர் அதை மறைத்துவிட்டது. நானாகக் கதை கட்டியிருந்தால் இவ்வளவு வசதியாகக் கட்டியிருக்க மாட்டேன்.)

லீடர் ஆக ஜாஸ்மினுக்கு ஒன்பது வருஷம் ஆனது. மகளைக் காலேஜில் சேர்த்ததே அந்தச் சம்பளத்தை நம்பித்தான். அன்று பகல் முழுக்க அவள் லைன் ஓரத்தில் நின்றுகொண்டு, முதலில் எழுந்தவளின் முதுகைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். சொல்லிவிடலாம் என்று ஒருமுறை தோன்றியது. இரண்டுமுறை என்று திருத்தினாள் என்னிடம்.

5

முடிவு அ. "நான்தான் சார் எழுந்தேன்" என்கிறாள் ஜாஸ்மின், நிமிர்ந்து.

(எழுந்திருக்க முடியாது. லைன் லீடருக்கு நாற்காலியே கிடையாது.)

முடிவு ஆ. கதவு திறக்கிறது. நாற்பது பேரும் வரிசையாக வந்து, "நான்தான்", "நான்தான்"

(நாற்பது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இதை எழுத எனக்கு என்ன செலவு?)

முடிவு இ, நடந்தது. சாயந்திரம் ஜாஸ்மின் கார்டைக் கழற்றி பிரேம்நாத்தின் மேஜையில் வைத்தாள். "காலைல பொய் சொன்னேன் சார். யார்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. மறுநாள் மூன்றாவது மெஷினில் உட்கார்ந்து தைத்தாள்.

இதைக் கேட்டு முடித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: "அது சரி, முதல்ல எழுந்தது யாரும்மா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. உங்களுக்கு இன்னாத்துக்கு சார் அந்தப் பேரு?"

கதைக்கு. கதைக்கு ஒரு தலைவி வேண்டுமே. விசாரணைக்கும் ஒரு தலைவி வேண்டும். மாலை போடவும் வேலையை விட்டுத் துரத்தவும் நமக்கு எப்போதும் ஒரே ஒரு ஆள் போதும். மீதி முப்பத்தொன்பது பேரை மறந்துவிடலாம். உங்களுக்கும் அந்தப் பெயர் வேண்டியிருந்தால் பிரேம்நாத்துக்குப் பக்கத்தில் நாற்காலி இருக்கிறது, போய் உட்காருங்கள்.

6

இரண்டாவது போனில் அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை இதுவரை எழுதாமல் வைத்திருந்தேன். "வேலை நல்லாத் தெரியும் சார் அவங்களுக்கு. ஆனா லீடர்ஷிப் குவாலிட்டி சுத்தமா இல்ல."

போனை வைத்துவிட்டுக் கத்தினேன். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அந்த லைனுக்கு இன்னும் லீடர் போடவில்லை. கார்டு மேஜையில் கிடக்கிறது. இன்ஸ்பிரேஷனாக ஒரு முடிவு கேட்டார்கள். நான் எழுத மாட்டேன். கார்டை எடுத்து உங்கள் கழுத்தில் மாட்டுகிறேன். கழற்றாதீர்கள்.

டார்கெட் பின்தங்கியிருக்கிறது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து பிரேம்நாத் பார்க்கிறார். உங்கள் பிள்ளைக்கும் ஃபீஸ் கட்ட வேண்டும். நான்காவது மெஷினில் அம்பரீன் கை தூக்குகிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஜாஸ்மின் தைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.

"போய்ட்டு வரட்டா?" என்கிறாள் அம்பரீன்.