எண்பத்து நான்காம் பக்கம்

சத்யபிரியா எழுதிய அத்தியாயம் அவளுடைய நெறியாளர் அழகுராஜாவின் பெயரில் ஓர் ஆய்விதழில் வெளியாகியிருந்தது. அருப்புக்கோட்டை நூலகத்தின் கணினியில் அந்த ஆய்விதழைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

ஜோர்டானில் கட்டட வேலை பார்த்த அவள் அப்பா, அங்கே ஒரு கல்யாணத்தில் எடுத்த வீடியோவை முன்பு அனுப்பியிருந்தார். ஆண்கள் தோளோடு தோள் சேர்ந்து தரையை ஓங்கி மிதித்து ஆடினார்கள். அந்த ஆட்டத்தின் பெயர் 'தப்கே' என்று தெரிந்து மேலும் தேடத் தொடங்கியவள், அரபு, துருக்கி ஆட்டங்களிலேயே முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டாள். நூலகர் ஆவுடைத்தாய் அவளுக்காகச் சென்னைக்கு எழுதிப் போட்டுப் புத்தகங்களை வரவழைத்தார். கிடைக்காதவற்றை இணையத்தில் ஸ்கேன் பிரதியாகப் படித்தாள். இப்படியே மூன்று வருடம் போயிருந்தது.

மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறி, கல்லூரியில் அழகுராஜாவின் அறைக்குப் போனாள்.

"சார், அது என் அத்தியாயம்."

"நான் சொல்லிக் கொடுக்காம நீ எழுதிட்டியா? நெறியாளர் பேருல வாரது வழக்கம்தான். ரெண்டு மாசத்துல இதையும் சேத்துப் புத்தகமா போடுறேன். முன்னுரையில உனக்கு நன்றி சொல்லிருவோம். போ."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தவளுக்கு, உள்ளே அவர் இன்னொரு பேராசிரியரிடம் பேசுவது கேட்டது.

"இவ ஆத்தா எங்க மிளகாக் காட்டுல களையெடுத்தவ. மகளுக்கு அரபு நாட்டு ஆட்டம் கேக்குது."

இருவரும் சிரித்தார்கள். சத்யா படியிறங்கினாள். கீழ்ப்படிக்கு வரும்போது அவளுக்கு மரக்கரண்டி ஆட்டம் நினைவுக்கு வந்தது.

அவர் எடுத்துக்கொண்டது அவளுடைய முதல் வரைவு. அதில் ஒரு பிழை இருந்தது. இரண்டு கைகளிலும் மரக்கரண்டிகளைத் தட்டி ஆடுவது துருக்கியின் கோன்யா பக்கத்து ஆட்டம். அவள் படித்த ஸ்கேன் பிரதியில் பக்கங்கள் இடம் மாறியிருந்ததால், அதை லெபனான் கிராமத்து ஆட்டம் என்று எழுதிவிட்டாள். அதே நூலின் அச்சுப் புத்தகம் சென்னையிலிருந்து வந்த பிறகுதான் தவறு தெரிந்தது. திருத்தத்தைத் தன் நோட்டில் மட்டும் குறித்திருந்தாள்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் வேலையை அழகுராஜா அவளிடமே கொடுத்தார். ஒற்றுப் பிழைகள் அத்தனையையும் திருத்தினாள். கரண்டி ஆட்டம் இருந்த எண்பத்து நான்காம் பக்கத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

"ஏத்தா, ஒரு வார்த்தை சொல்லிரு. மனுசன் சபையில அசிங்கப்படுவாரு" என்றார் ஆவுடைத்தாய்.

"அதுக்குத்தான்க்கா சொல்லல."

வெளியீட்டு விழாவுக்கு டெல்லியிலிருந்து ஜெயக்குமார் என்ற மூத்த பேராசிரியர் வந்திருந்தார். கேள்வி நேரத்தில் சத்யா எழுந்தாள்.

"சார், கரண்டி ஆட்டம் லெபனானுதுன்னு போட்டிருக்கீங்க. அதுக்கு ஆதாரமா காட்டுன புத்தகத்தை எங்க பாத்தீங்க?"

"சென்னைக்கே போயி நேருல பாத்துத்தான் எழுதினேன்" என்றார் அழகுராஜா பெருமையாக.

அவள் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். "நூலகத்துல சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன். இதுல கோன்யான்னு தெளிவா இருக்கு. ஸ்கேன் பாத்துத் தப்பா எழுதுனது நான். போன வருசம் உங்களுக்கு அனுப்புன மெயிலோட நகல் இது. அதே வரி, அதே தப்பு."

ஜெயக்குமார் மேடையிலிருந்து கை நீட்டி இரண்டையும் வாங்கிப் பார்த்தார். பிறகு வெளியீட்டுப் பிரதியை மூடி மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அழகுராஜாவின் சட்டைக் காலர் வியர்வையில் நனைவதைச் சத்யா நின்றபடியே பார்த்தாள். இரண்டு மாதமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

கல்லூரி விசாரணைக் குழு போட்டது. அவள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்றார்கள். அந்த வாரமே அழகுராஜா நூலகத்துக்கு வந்தார்.

"புகார் குடுக்காதம்மா. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிருக்கேன். அன்னிக்கு உங்க அம்மாவைப் பத்திப் பேசுனது உனக்குக் கேட்டிருச்சுன்னு தெரியும். வேணும்னா உங்க அம்மாகிட்டகூட மன்னிப்புக் கேக்குறேன்."

"வாங்க, போவோம்" என்றாள்.

அவர் காரிலேயே திருச்சுழிக்குப் பக்கத்திலிருந்த அவள் ஊருக்குப் போனார்கள். அம்மா தங்கமாரி பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தான் களையெடுத்த காட்டின் சொந்தக்காரரைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலி எடுக்க ஓடினாள்.

"எடுக்காதம்மா. அவரு நிக்கட்டும்."

அழகுராஜா கை கூப்பினார். "மன்னிச்சிரு தங்கமாரி."

"எதுக்குன்னு சொல்லுங்க சார். அன்னிக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்றாள் சத்யா.

தலையைக் குனிந்தபடி அவர் அதே வார்த்தைகளைச் சொன்னார். உடன் வேலை பார்க்கும் பெண்கள் இருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கமாரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப புகார் குடுக்க மாட்டேல்ல?"

"அப்படி நான் சொல்லவே இல்லையே சார்."

கார் போனபின் தங்கமாரி சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "களையெடுத்தது எனக்கு ஒரு நாளும் கேவலமா தெரியல. அவரு சிரிச்சது உன்னோடயே போயிருக்கும். அதை ஏன்டி நாலு பேரு முன்னால என் காதுல போட்ட?"

சத்யாவால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய்ப் புகாரைக் கொடுத்தாள். அழகுராஜாவின் நெறியாளர் உரிமை ரத்தானது, புத்தகம் திரும்பப் பெறப்பட்டது. சத்யாவுக்கு வேறு நெறியாளர் கிடைக்க ஒரு வருடம் வீணானது. அவள் அதற்காக வருந்தவில்லை.